மூலையில் கசியும் வெளிச்சம்: புதிதாகக் கல்யாணப் போட்டோ எடுக்க வந்தவர்களுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

புது லேப்டாப் வாங்கிய அன்று ராத்திரியே நீங்கள் எனக்கு அனுப்புகிற படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. அறை விளக்கை அணைத்து, திரை முழுக்கக் கறுப்புப் படத்தை ஏற்றி, பிரைட்னஸை உச்சத்துக்குத் தள்ளி, செல்போனில் ஒரு க்ளிக். கீழ் மூலையில் மஞ்சளாக ஒரு புகை, மேல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று. கூடவே ஒரு கேள்வி: “அண்ணா, பேக்லைட் ப்ளீட் இருக்கு. திருப்பிக் கொடுத்துடவா?” தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. ஆல்பத்துக்குக் கலர் பார்க்கிறவன் என்ற முறையில் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கேமராவைப் பிடித்துப் பிழைக்கிறவர்கள். இருட்டில் செல்போன் கேமரா என்ன செய்யும் என்று உங்களுக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா? கறுப்பைக் கண்டதும் அது ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும், ஷட்டரை நீட்டும், நைட் மோடு கேட்காமலே வந்து உட்காரும். கண்ணுக்குச் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிற மூலை, படத்தில் தீப்பிடித்த மாதிரி தெரியும். ஆதாரத்துக்குப் படம் வேண்டுமென்றால் மேனுவலில் எடுங்கள். கறுப்புப் படத்தின் நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைக் கட்டம் வையுங்கள். அந்த வெள்ளை கண்ணில் படுகிறபடியே கேமராவிலும் விழுமாறு எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடுங்கள். பல புகார்கள் அந்த ஒரு படத்திலேயே கரைந்து போகும்.

கரையாமல் நிற்பவற்றைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன், இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

எல்.சி.டி. திரை தானாக ஒளிராது. பின்னால், பெரும்பாலும் கீழ் ஓரத்தில், ஒரு எல்.இ.டி. பட்டை இருக்கும். அதன் வெளிச்சத்தைத் திரை முழுக்கக் கொண்டுபோக ஒரு தகடு, அதைச் சீராகப் பரப்ப மெல்லிய தாள்கள், அதற்கு மேல் திரவப் படிகம், படிகத்துக்கு முன்னும் பின்னும் ஒரு போலரைசர். திரையில் கறுப்பு தெரிகிறது என்றால் விளக்கு அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது, முன்னால் இருக்கிற அடுக்குகள் அதை மறித்து நிற்கின்றன. சட்டகம் எங்காவது ஓர் இடத்தில் கூடுதலாக அழுத்தினாலோ, மூடி லேசாக முறுக்கிக்கொண்டாலோ அந்த மறிப்பு அந்த இடத்தில் பிசகும். அப்போது வெளிச்சம் கசியும். இன்றைய லேப்டாப்களுக்கு மூடி மெலிது, ஓரச் சட்டம் அதைவிட மெலிது. கசிவே இல்லாத எல்.சி.டி. திரை கிடைத்தால் அது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் நீங்கள் அனுப்புகிற படங்களில் பாதிக்கு மேல் கசிவே கிடையாது என்று நினைக்கிறேன். ஐ.பி.எஸ். வகைத் திரைகளுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: கறுப்பை நேராகப் பார்த்தால் கறுப்பு, சாய்வாகப் பார்த்தால் மூலையில் ஒரு மங்கல் ஒளி. இதை ஐ.பி.எஸ். க்ளோ என்பார்கள். திரைக்கு மிக அருகில் உட்கார்ந்தால் நடுப்பகுதியை நேராகவும் மூலைகளைச் சாய்வாகவும் பார்க்கிறீர்கள், அதனால் நான்கு மூலையும் புகைகிறது. கண்டுபிடிப்பது சுலபம். தலையை இடவலமாக நகர்த்துங்கள், இரண்டு மூன்று அடி பின்னால் போங்கள். புகை உங்களோடு சேர்ந்து நகர்ந்தாலோ சுருங்கினாலோ அது க்ளோ. எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் அதே வடிவத்தில் அசையாமல் நின்றால்தான் கசிவு. க்ளோவுக்காக லேப்டாப்பை மாற்றிக் கேட்டால் அடுத்து வருவதிலும் அதுவே இருக்கும்.

இன்னொன்று, பிரைட்னஸ். கசிவு என்பது பின்விளக்கின் வெளிச்சம்தான், விளக்கு பாதியானால் அதுவும் பாதியாகும். படம் எடிட் செய்கிற அறையில் திரையின் வெள்ளை 80 முதல் 120 நிட்ஸ் வரை இருந்தால் போதும் என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன அளவு. 400 நிட்ஸ் திரையை உச்சத்தில் வைத்து இருட்டறையில் கசிவு பார்ப்பது, நீங்கள் ஒருநாளும் வேலை செய்யப்போகாத நிலையில் திரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. திரையைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுங்கள். வழக்கமாக எடிட் செய்யும் பிரைட்னஸில், வழக்கமாக உட்காரும் தூரத்தில், முழுக் கறுப்பைப் பாருங்கள். பிறகு அடர்ந்த சாம்பலை, கடைசியில் முழு வெள்ளையை. வெள்ளையில் ஒரு பக்கம் மஞ்சளடித்துத் தெரிகிறதா என்று பார்ப்பது கறுப்பைப் பார்ப்பதைவிட முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கொஞ்சம் கணக்கும் போட்டுவிடலாம். சாதாரண ஐ.பி.எஸ். திரையின் கான்ட்ராஸ்ட் ஏறத்தாழ 1000-க்கு 1. வெள்ளை 120 நிட்ஸ் என்றால் கறுப்பு 0.12. ஒரு மூலையில் நான்கு மடங்கு கசிந்து 0.48 ஆகிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் அந்த மூலையின் கான்ட்ராஸ்ட் 250-க்கு 1. நீங்கள் ஆல்பம் போடுகிற பளபளப்பான போட்டோ பேப்பர் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் 100-க்கும் 200-க்கும் நடுவில் எங்கேயோதான் இருக்கும், மேட் பேப்பர் இன்னும் குறைவு. ஆக, கசிகிற மூலையில் தெரிகிற கறுப்பே, மணமகள் வீட்டு அலமாரியில் இருக்கப்போகிற ஆல்பத்தின் கறுப்பைவிட ஆழமானது. ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது?

அப்படியானால் கசிவு ஒரு பொருட்டே இல்லையா என்றால், அதுவும் இல்லை. அது கெடுதல் செய்யும் இடம் ஒன்று உண்டு.

ரிசப்ஷன் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை கறுப்பு கோட்டில் இடது ஓரமாக நிற்கிறார். கோட்டின் காலர் மட்டும் சாட்டின் துணி, மற்றது கம்பளி, இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம். படத்தின் கீழ் இடது மூலை சரியாக உங்கள் திரையின் மஞ்சள் கசிவின் மேல் விழுகிறது. கோட்டு செம்பழுப்பாகத் தெரிகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? ஷேடோவில் கொஞ்சம் நீலம் ஏற்றுவீர்கள், ப்ளாக்ஸை இன்னும் கீழே இழுப்பீர்கள். திரையில் சரியாகிவிடும். அச்சில் வரும்போது மாப்பிள்ளையின் கோட்டில் காலர் எது, மார்பு எது என்று தெரியாமல் ஒரே மைக்கறை. அதே ஷேடோ நீலம் பக்கத்தில் நிற்கிற மணப்பெண்ணின் பின்னலிலும் ஏறியிருக்கும். கசிவு நேரடியாகப் படத்தைக் கெடுக்காது, அதை நம்பி நாம் செய்கிற திருத்தம்தான் கெடுக்கும்.

இதற்குக் காசில்லாத மருந்து உங்கள் லைட்ரூமிலேயே இருக்கிறது. டெவலப் பக்கத்தில் கோட்டின் மேல் கர்சரைக் கொண்டுபோனால் ஹிஸ்டோகிராமின் கீழே ஆர், ஜி, பி மூன்றின் அளவும் சதவீதத்தில் தெரியும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் கோட்டு கறுப்புதான், கண் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு ப்ளாக்ஸை நகர்த்தினால் எங்கெங்கே விவரம் செத்துப்போகிறது என்று காட்டிவிடும். அதுவும் இல்லையென்றால் படத்தைப் பெரிதாக்கி, அந்தக் கோட்டைத் திரையின் நடுவுக்கு இழுத்து வந்து பாருங்கள். படத்தைச் சுற்றியுள்ள பின்னணியை மட்டும் கறுப்பாக்க வேண்டாம். கறுப்புப் பின்னணி கசிவையும் கூட்டிக் காட்டும், படத்தை இருப்பதைவிட வெளிச்சமாகவும் காட்டும். நடுத்தரச் சாம்பலே நல்லது.

இப்போது உண்மையிலேயே உங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி உங்களில் ஒருவர்கூட எனக்குப் படம் அனுப்பியதில்லை.

விளம்பரத்தில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். கடைசி வரியில் பொடி எழுத்தில் ‘45% என்.டி.எஸ்.சி., 250 நிட்ஸ்’ என்று இருக்கும். என்.டி.எஸ்.சி. என்பது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக 1953-இல் வகுத்த வண்ணப் பரப்பு. இன்று நம் படங்களுக்கெல்லாம் அடிப்படை, எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் கொண்டுவந்த எஸ்.ஆர்.ஜி.பி. இந்த எஸ்.ஆர்.ஜி.பி.யின் பரப்பு என்.டி.எஸ்.சி.யில் சுமார் 72 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45% என்.டி.எஸ்.சி. திரை, நீங்கள் லேபுக்கு அனுப்புகிற ஃபைலில் உள்ள வண்ணப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காட்டவே காட்டாது. கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்த லேப்டாப்களில், மற்றதெல்லாம் கனமாக இருந்து திரை மட்டும் இப்படி இளைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

அந்தத் திரையில் காஞ்சிபுரத்து அரக்குப் பட்டைத் திறந்து பாருங்கள். அரக்கு, செங்கல் நிறமாகச் சப்பென்று கிடக்கும். மயில் பச்சையில் மயிலே இருக்காது. சரிகை பித்தளையாக மங்கும். மணமேடையில் அந்தச் சேலையைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள், மனசு ஒப்புமா? சாச்சுரேஷனைக் கூட்டுவீர்கள், வைப்ரன்ஸைக் கூட்டுவீர்கள், சிவப்பைத் தனியாக எடுத்து ஏற்றுவீர்கள். திரையில் சேலை சேலையாக வந்ததும் லேபுக்கு அனுப்புவீர்கள். ஆல்பம் வரும்போது சேலையின் மடிப்பே தெரியாமல் ஒரே ரத்தச் சிவப்பு. அதைவிட மோசம், மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாகி, மாமனார் முகம் காய்ச்சல் கண்டவர் மாதிரி இருக்கும். லேப்காரரைத் திட்டுவீர்கள். அவர் ஃபைலில் இருந்ததைத்தான் அச்சடித்தார். மூலையில் உள்ள கசிவு ஒரு படத்தின் ஒரு மூலையைக் கெடுக்கலாம். வண்ணம் குறைந்த திரை மொத்த ஆல்பத்தையும் சாய்த்துவிடும்.

அதனால் பட்ஜெட் இடிக்கும்போது கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்குங்கள், திரையில் இறங்காதீர்கள். 100% எஸ்.ஆர்.ஜி.பி., 300 நிட்ஸ், ஐ.பி.எஸ். இதற்குக் கீழே கல்யாண வேலைக்கு வேண்டாம். பெயரளவில் ஒரே மாடலாக இருந்தாலும் உள்ளே வேறு வேறு நிறுவனத்தின் பேனல் இருக்கலாம். ஒன்றில் 45 சதவீதப் பேனல், இன்னொன்றில் முழு எஸ்.ஆர்.ஜி.பி. பேனல் என்று விற்பதும் உண்டு. மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்புக்செக் போன்ற தளங்களில் திரையை ஒன்பது இடங்களில் அளந்து, எந்த மூலை எவ்வளவு மங்கல் என்று எண்ணோடு போடுகிறார்கள். வாங்குமுன் அதைப் படிக்க ஆகிற நேரம், வாங்கியபின் செல்போனில் மூலையைப் படம் எடுக்கிற நேரத்தைவிடக் குறைவு.

மிச்சமிருக்கிற பணத்தில் ஒரு கலர் கேலிப்ரேட்டர். ஸ்பைடரோ கேலிப்ரைட்டோ எதுவானாலும் சரி. தனியாக வாங்க முடியாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து வாங்கி மாதம் ஒருமுறை கைமாற்றிக்கொள்ளுங்கள், அதைத் தினமும் உபயோகிக்கப்போவதில்லை. அது திரையின் நடுப்பகுதியை அளந்துதான் திருத்தும். மூலைக் கசிவை அதனால் சரிசெய்ய முடியாது. வெள்ளையில் ஒரு பக்கம் மஞ்சளடித்தால் அதையும் சரிசெய்யாது. மேலே முழு வெள்ளையைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். கறுப்பில் கசிகிற மூலையைச் சமாளிக்கலாம். ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் இருக்கிற திரையில் முகத்தின் நிறத்தை எந்தப் பக்கம் வைத்து முடிவு செய்வீர்கள்? அப்படிப்பட்ட திரையைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஓ.எல்.இ.டி. வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பீர்கள். கசிவுத் தொல்லை இல்லை, உண்மைதான். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே விடுகிறது. ஆனால் லைட்ரூமின் பட்டைகள் மணிக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும், அவை திரையில் தழும்பாகப் பதியும் அபாயம் உண்டு. பிரைட்னஸைக் குறைக்கும்போது பல ஓ.எல்.இ.டி. திரைகள் வேகமாக மினுக்கித்தான் குறைக்கின்றன, சிலருக்கு அதில் தலைவலி வரும். பெரும்பாலும் கண்ணாடி போலப் பளபளக்கும், மண்டபத்து டியூப்லைட் எல்லாம் அதில் முகம் பார்க்கும். மினி எல்.இ.டி. என்று இன்னொன்று. 2021-இல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களில் இருப்பது. அதில் ஓரக் கசிவுக்குப் பதிலாக, இருட்டுக்கு நடுவே உள்ள வெளிச்சத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற கதைதான். கையில் காசிருந்தால் வாங்குங்கள், குறையில்லாத திரை என்று நம்பி வாங்காதீர்கள்.

ஓ.எல்.இ.டி. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, சட்டைப் பையில். மணமக்களிடமும் பெரும்பாலும் அதேதான் இருக்கிறது. ஆல்பம் வருமுன் அவர்கள் படத்தைப் பார்ப்பது செல்போனில்தான். நீங்கள் மூலைக் கசிவில் கவனிக்காமல் விட்ட நாய்ஸும் பட்டை பட்டையான இருட்டும் அங்கே பளிச்சென்று தெரியும். அனுப்புமுன் போனில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி கடை. ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் டெமோ பீஸைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரே மாடலில் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் கசிவு மாறும். பில் போட்டபின் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அவ்வளவு வெளிச்சத்தில் கறுப்பைப் பார்க்க முடியாதே என்றால், பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஸ்டாண்டு கேமராவில் செய்ததையே செய்யுங்கள்: தலையையும் திரையையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கடைப் பையன் சிரிப்பான். சிரிக்கட்டும். ஆன்லைன் என்றால் பெட்டி பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள், வந்த அன்றே சோதியுங்கள். பல இடங்களில் லேப்டாப்பை ஒரு வாரத்துக்குள் மாற்றித்தான் தருவார்கள், பணம் வராது. மாற்றி வருவது இதைவிட மோசமாக இருக்கலாம் என்பதையும் யோசித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதில் எனக்கு மனப்பாடம்: “இது நார்மல்தான் சார், ஸ்பெக்குக்குள்ளதான் இருக்கு.” செத்த பிக்சல் எத்தனை இருந்தால் மாற்றுவோம் என்று எண் சொல்கிற நிறுவனங்கள்கூடக் கசிவுக்கு எண் சொல்வதில்லை. எழுத்தில் எந்த அளவும் இல்லாதபோது எந்த ஸ்பெக்குக்குள் இருக்கிறது? அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். க்ளோவைக் காட்டி வாதாடினால் தோற்பீர்கள். நகராத கசிவு, வேலை செய்யும் பிரைட்னஸில், மேனுவலில் எடுத்த படம், எடிட் செய்த ஒரு கல்யாணப் படத்தின் மேல் அது விழும் காட்சி, இவற்றோடு போனால் பேச்சு மாறும். அப்படியும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ‘நீங்க தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கிடையாது’ என்று யாராவது மிரட்டினால் பின்வாங்காதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே உபயோகிக்கும் பொருளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்க்கவில்லை. ஒற்றை ஆளாகக் கேமரா தூக்கிக்கொண்டு அலைகிற உங்களுக்கு அது பொருந்தும்.

ஒன்றை மட்டும் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது. நல்ல திரையை வாங்கிவந்து, லென்ஸ், சார்ஜர், பேட்டரி, ஃபிளாஷ் எல்லாவற்றோடும் ஒரே பையில் திணித்து, முதுகில் மாட்டிப் பைக்கில் போகிறீர்கள். மண்டபத்தில் மூடியை ஒரு மூலையைப் பிடித்து, ஒரு கையால் வெடுக்கென்று திறக்கிறீர்கள். மூடி முறுக்குகிறது, பேனல் அழுந்துகிறது. வாங்கியபோது இல்லாத வெள்ளைத் திட்டு ஆறு மாதத்தில் நடுத்திரையில் முளைக்கிறது. லேப்டாப்புக்குத் தனி உறை போடுங்கள், மூடியை நடுவில் பிடித்துத் திறவுங்கள். துணியால் அழுத்தித் தேய்த்தால் கசிவு போய்விடும் என்று யாராவது வீடியோ அனுப்பினால் எனக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள், நீங்களும் முயலாதீர்கள்.

முகூர்த்த மாதம் வருகிறது. வாங்குவதாக இருந்தால் முதல் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி, பழைய கல்யாணப் படம் ஒன்றை அதில் எடிட் செய்து, லேபில் ஒரே ஒரு ஷீட் மட்டும் அச்சடித்து வாங்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரக்குப் பட்டும் கறுப்புக் கோட்டும் ஒன்றாக உள்ள படமாக இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அப்போது எனக்கு எழுதுங்கள். அந்த ஷீட்டையும் சேர்த்து அனுப்புங்கள், மூலைப் படம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆல்பங்களுக்குக் கலர் பார்க்கும் அண்ணன்